மாஸ்டர் வீட்டுத் தராசு

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றுக்கு நின்ற பிள்ளைகளுக்கு அவித்த முட்டை பரிமாறிக்கொண்டிருந்தேன். எங்கள் குத்துச்சண்டை கிளப்பின் செயலாளர் சிவகுமார் போனில் கூப்பிட்டார். "மாஸ்டர் போயிட்டாருங்க டீச்சர். டீக்கடையில உக்காந்தபடியே சாஞ்சுட்டாரு" என்றார். போனை வைத்துவிட்டு மிச்சப் பிள்ளைகளுக்கும் முட்டை வைத்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்களுக்குள் முடியாத சண்டை ஒன்று பாக்கி இருந்தது. அதை அப்படியே என் தலையில் போட்டுவிட்டு வேலுச்சாமி மாஸ்டர் கிளம்பிவிட்டார்.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி சிவகுமார் கேட்டிருக்கிறார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் ஊர் முதலமடையில் குத்துச்சண்டை என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் மாங்காய் மண்டியின் பின்பக்கத்தில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் கிளப்பை ஆரம்பித்தவர் அவர். ஒரு நாளும் நேரம் தவறி வந்ததில்லை. கால் எடுத்து வைக்கிற விதத்தை அவரைப் போலச் சொல்லிக் கொடுக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பெண் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று ஊரே சொன்னபோது, "அடி வாங்கறதுக்கு மட்டும் பொம்பளப் புள்ளைக, குடுக்கறதுக்கு வேண்டாமா?" என்று கேட்டு வாயை அடைத்தார். அதற்காகத்தான் நான் அவரோடு துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். நல்லது இவ்வளவுதான்.

இனி மற்றது. மாஸ்டர் மண்டியில் மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். பறித்த மாங்காய் ஒரு பகல் வெயிலில் கிடந்தால் எடை இறங்கும். மண்டியில் அதற்கு வாட்டம் என்று பெயர். கூடை நிறுக்கும் பழைய இரும்புத் தராசு ஒன்றை மண்டிக்காரர்கள் கிளப்புக்குக் கொடுத்தபோது, தராசோடு அந்த வித்தையையும் மாஸ்டர் கொண்டுவந்துவிட்டார். போட்டிக்கு முந்தின நாளிலிருந்து தண்ணீர் கிடையாது. உப்பு கிடையாது. பங்குனி வெயிலில், உடம்பு முழுக்க மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மாந்தோப்பைச் சுற்றி ஓட வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும். இப்படிக் காயவைத்துக் கீழ் எடைப் பிரிவில் நிறுத்தினால் எதிராளி சின்னவனாக இருப்பான், ஜெயித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. "மாங்காயும் மனுசனும் ஒண்ணுதானுங்க அம்மிணி, ரெண்டும் தண்ணிதான்" என்பார்.

மாங்காயை யாரும் குத்த மாட்டார்கள் என்று நான் சொன்னேன். காலையில் எடை பார்த்துவிட்டு அன்றைக்கே மேடை ஏறுகிற பிள்ளைக்கு, இழந்த தண்ணீர் உடம்பில் திரும்பச் சேர நேரமில்லை. காய்ந்த உடம்போடு தலையில் குத்து வாங்கினால் மூளைக்கு ஆபத்து. இதையெல்லாம் நான் படித்துச் சொன்னேன், மருத்துவரை அழைத்து வந்தும் சொல்ல வைத்தேன். மருத்துவர் போன பிறகு, அவர் என்றைக்காவது குத்துச்சண்டைக் கையுறை மாட்டியிருக்கிறாரா என்று மாஸ்டர் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்த பிள்ளைகளில் சிலர் இன்று இந்த மலரை அச்சடிக்கிறார்கள்.

டின் சண்டை வேறு. கோயமுத்தூரில் ஏதோ ஜிம்மில் பார்த்துவிட்டு வந்து, புரதப் பவுடர் டின் இல்லாமல் பயிற்சியே இல்லை என்று ஒரு வருடம் பிடிவாதம் பிடித்தார். வீட்டில் கறவை மாடு கட்டியிருக்கிறவர்களின் பிள்ளைகள், பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, அந்தப் பாலிலிருந்தே எடுத்த பவுடரை டின்னில் வாங்கிக் குடித்தார்கள். முட்டையும் நிலக்கடலையும் பச்சைப்பயறும் தயிர்ச் சோறும் வேளைக்கு வேளை ஒழுங்காகத் தின்றாலே கடும் பயிற்சிக்குப் போதும் என்றேன். "நீங்க சொல்றது சமையலுங்க அம்மிணி, நான் சொல்றது ட்ரெயினிங்கு" என்றார். அடுத்து வந்த டின்னைக் குடித்த பையன்களுக்குக் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. அது வேகம் ஏறுவதன் அடையாளம் என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். டின்னில் இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினேன். காபியில் இருக்கிற அதே சரக்கைத்தான் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். டின்னைப் பிடுங்கி வாய்க்காலில் கொட்டியபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது நந்தினி. தோப்புக் காவல்காரர் மகள், கிளப்பிலேயே வலது கை பலமானவள். மாவட்டப் போட்டியில் மாஸ்டர் நிறுத்த நினைத்த எடைப் பிரிவுக்கு இரண்டு கிலோ அதிகம் இருந்தாள். மேல் எடையில் நிற்கட்டும் என்று நான் கெஞ்சினேன். மாஸ்டர் அவளை வாட்டத்தில் போட்டார். மேடை ஏறும்போதே அவள் உதடு வெடித்திருந்தது. முதல் சுற்று முடிந்து மூலையில் வந்து உட்கார்ந்தவளிடம், "உனக்கு எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். திரும்பக் கேட்டேன். அவளுக்கு ஊர் பெயர் வரவில்லை. போட்டியை நிறுத்தச் சொல்லி நான் நடுவருக்குக் கை தூக்கினேன். மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்து, "இன்னொரு ரவுண்டுதானுங்க" என்றார். கையை உதறி நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் நந்தினிக்குக் குளுக்கோஸ் ஏறுகிறவரை மாஸ்டர் வெளி பெஞ்சில் அவளுடைய ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த போட்டிக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைய மேல் எடையில நிறுத்துங்க அம்மிணி. நல்லாத் தின்னு, தண்ணி குடிச்சுட்டு வரட்டும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று மாலையே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, நந்தினிக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை, தின்று பெருத்துவிட்டாள், அதனால்தான் மேல் எடை என்று அறிவித்தார். அந்தப் பெண் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை.

நான் அவளுடைய வீட்டுக்குப் போய், மாஸ்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். "அவரே வந்து சொல்லட்டுங்க டீச்சர்" என்றாள். அவள் கேட்டது நியாயம். அதை அப்படியே மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "மாஸ்டரே தன் மேல தப்புன்னு ஒருக்காச் சொல்லிட்டா, அப்புறம் எதைச் சொன்னாலும் புள்ளைக கேக்க மாட்டாங்க அம்மிணி" என்றார். இரண்டு வருடமாக நாங்கள் போட்ட சண்டை இதுதான். போகச் சொல்லி நான் கேட்பதும், பார்க்கலாம் என்று அவர் சொல்வதும். மூச்சு முட்டும்வரை பிள்ளைகளைக் குத்தச் சொன்ன மனிதருக்கு, மாந்தோப்பைத் தாண்டி ஒரு வீட்டுக்கு நடந்துபோகத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளப் தராசு கெட்டுப்போனது. அதாவது, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி மாஸ்டர் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றார், சாமான் கிடைக்கவில்லை என்றார். எடை பார்க்க வழியில்லாததால் வாட்டமும் நின்றது. பிள்ளைகள் இருக்கிற எடையில் நின்றார்கள். நானும் தராசு பழுது என்றே நம்பினேன்.

இரங்கல் கூட்டத்தில் சிவகுமார் எழுந்து, மாஸ்டரின் நினைவாக வருகிற மாவட்டப் போட்டிக்கு எல்லோரும் மாஸ்டர் முறையிலேயே தயாராக வேண்டும், பழையபடி வாட்டம் இருக்க வேண்டும் என்றார். கை தட்டினார்கள். மாஸ்டரே அதை விட்டுவிட்டாரே என்று எழுந்து கேட்டேன். "தராசு கெட்டதுனால நின்னுதுங்க டீச்சர், அவரா எங்க விட்டாரு?" என்றார் சிவகுமார்.

அதற்குப் பதில் மாஸ்டர் வீட்டில் இருந்தது. காரியம் முடிந்த பிறகு போனபோது, மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருந்த தராசைக் காட்டி, எடுத்துக்கொண்டு போகும்படி அவருடைய மனைவி சொன்னார். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடையில் வாங்கிய பத்து கிலோ அரிசிப் பையைப் பிரிக்காமல் அதன் மேல் வைத்தேன். பத்து கிலோ காட்டியது. இரண்டு பை வைத்தேன். இருபது காட்டியது. அந்தத் தராசுக்கு என்றைக்குமே ஒன்றும் ஆகவில்லை.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாட்டம் தப்பென்று தெரிந்து, அதை நிறுத்தவும் செய்திருக்கிறார். நிறுத்தியதைச் சொல்ல மனம் வராமல், பழியை ஒரு பெண் பிள்ளையின் வாய் மேலும் ஓர் இரும்புத் தராசின் மேலும் போட்டிருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் இந்நேரம் நான் மன்னித்திருப்பேன். இன்று உங்கள் பிள்ளைகள் அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லியே தொண்டை காயக் காய ஓடத் தயாராகிறார்கள். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், அந்தப் பிள்ளைகள் மேடையிலிருந்து எப்படி இறங்குவார்கள் என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் தராசு ஒன்றுதான். அதைக் கிளப்புக்குத் திருப்பித் தரப்போவதில்லை. எடை பார்க்க வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கும். என் கண் முன்னால் ஒரு சொம்பு குடித்துவிட்டு ஏறுங்கள். என்ன காட்டுகிறதோ அந்த எடையில் நில்லுங்கள்.

நந்தினி, நீயும் வா. நீ தின்று பெருக்கவில்லை. உன் உடம்பு இருக்க வேண்டிய எடையில் இருந்தது, அது மாஸ்டருக்கும் தெரியும். அவரே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டாய். கடைசிவரை அவர் வரவில்லை. அவர் படம் போட்ட மலரில், ஊர் முழுக்கப் படிக்கும்படி, நான் சொல்கிறேன்.