உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெளிச்சம்

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு மதியத்தில் என் கை முதன்முறையாகத் தோற்றது. விசுவாசத்தில் என்னோடு நடக்கிறவர்களே, அந்தத் தோல்வியிலிருந்தே என் சாட்சியைத் தொடங்குகிறேன்.

நான் ஒரு நர்ஸ். திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்குத் தினமும் வருகிறேன். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. வயது நாற்பத்தேழு. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். முழங்காலில் நிற்கும்போதுகூட ஸ்டெல்லாவின் கால் பஸ்ஸைத் தேடும் என்று சபையில் கேலி பேசுவார்கள். ஆனால் குழந்தைக்கு முன்னால் நின்றால் நான் அசைய மாட்டேன். யாருக்கும் அகப்படாத நரம்பு எனக்கு அகப்படும். அது ஆண்டவர் தந்த வரம்.

அன்று அந்த வரம் என்னைக் கைவிட்டது.

குழந்தை, செல்வியின் மகள். செல்வி பொம்மையார்பாளையத்துப் பெண். கணவர் கடலுக்குப் போகிறவர். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை அது. பால் இன்னும் வயிற்றில் தங்கவில்லை. குளுக்கோஸ் நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். ஊசி போட்டிருந்த இடம் காலையில் வீங்கிவிட்டதால், நரம்பில் செருகியிருந்த கேனுலாக் குழாயை எடுத்துவிட்டோம். தொப்புள்கொடி காய்ந்து அந்த வழியும் மூடிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும். அதற்கப்புறம் நடப்பதை நினைக்கவே எனக்குத் தைரியமில்லை.

ட்ரேயை எடுத்து வைத்தேன். அந்த ட்ரேயைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பூக்காம்பைவிட மெல்லிய கேனுலா, அதற்கு ஊதா நிறத்தில் ஒரு தலை. ட்ரேயின் விளிம்பில், வேண்டும்போது விரலுக்கு வரும்படி முன்னதாகவே வெட்டி ஒட்டிய பிளாஸ்டர் கீற்றுகள். சின்னக் கை மடங்காமலிருக்க, மருந்து டப்பாவின் அட்டையை வெட்டிப் பஞ்சு சுற்றிய பட்டை. வலியை மறக்க நாக்கில் வைக்கத் தாய்ப்பால் சொட்டு. மேலே வார்மர், அடைகாக்கிற கோழியின் வயிறு மாதிரி. பாதத்தில் சிவப்பாக மினுக்கும் சின்னப் பட்டை, ஒவ்வொரு மூச்சுக்கும் காவல். பக்கத்தில் சிரிஞ்ச் பம்ப், ஒரு சொட்டைக்கூட அவசரப்படுத்தாது. பொறுமையை நான் அதனிடம்தான் கற்றுக்கொள்கிறேன். இவற்றைச் செய்த கைகள் எந்த ஊரில் இருக்கின்றனவோ, அந்த ஊர் நன்றாக இருக்கட்டும்.

குனிந்தேன். நரம்பு தெரியவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்தால் தெளிகிறது, கிட்டே போனால் பனி மூடுகிறது. குத்தினேன், கிடைக்கவில்லை. மறுபடி குத்தினேன். டாக்டர் முயன்றார், அவருக்கும் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நின்ற செல்வி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "எத்தினி வாட்டி சிஸ்டர் குத்துவீங்க? அது இன்னா புள்ளையா, ஊசி குத்தி வெக்கிற பஞ்சா?"

டாக்டர் மெல்லச் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை பாப்போம் சிஸ்டர். இல்லன்னா சென்னைக்குத்தான் அனுப்பணும். இந்த மழையில அவ்ளோ தூரம் பாப்பா தாங்குமான்னு தெரியல."

துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கழுவிய துண்டுகளில் முகம் புதைத்தேன். ஆண்டவரே, இந்தக் கண்ணுக்கு என்ன ஆச்சு? என்னைப் பாராதேயும், அந்தப் பிள்ளையின் கையைப் பாரும். ஒரே ஒரு நரம்பைக் காட்டும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். செக்யூரிட்டி. "சிஸ்டர், கோட்டக்குப்பம் பாய் ஒருத்தர் வந்திருக்காரு. உங்களைத்தான் பாக்கணுமாம்."

"இப்பவா? அப்புறம் வரச் சொல்லுப்பா!"

"சொன்னேன். கேக்காம நின்னுக்கினுகிறாரு."

எரிச்சலோடு வெளியே போனேன். ஜாஹிர் பாய். அவருடைய இரட்டைக் குழந்தைகள் முன்பு எங்களிடம் இருந்து தேறிப் போனவர்கள். டிஸ்சார்ஜ் அன்று, வளைகுடாவில் வேலை செய்யும் அவர், அங்கிருந்து எனக்கு என்ன வேண்டுமென்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வேணாம் பாய். பாப்பா கைக்கு அடியில வெச்சா நரம்பு தெரியிற லைட்டு ஒண்ணு இருக்காம். கெடச்சா அதை யூனிட்டுக்கு வாங்கிக்கினு வாங்க" என்றிருந்தேன். சொன்னதையே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். "மழையில பஸ்ஸு ஒரே பேஜாரு சிஸ்டர். நாளைக்குப் போலாம்னுதான் இருந்தேன். இன்னிக்கே போங்கன்னு வூட்ல தொரத்தி வுட்டுட்டாங்க. இந்தப் பையில பேரீச்சம்பழம். இது அந்த லைட்டு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாய், ஜல்தியா குடுங்க!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பாவம், திகைத்துப்போயிருப்பார்.

டாக்டர் அதைத் துடைத்து, எரியவிட்டுத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல. வைங்க சிஸ்டர்." நான் கேனுலாவை எடுத்தபோது, எங்கள் சீனியர் சாந்தியக்கா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

"எனக்கு நாப்பதுலயே வெள்ளெழுத்து வந்துடுச்சுடி. ஆண்டவர் கண்ணை மட்டுமா குடுத்தாரு? கண்ணாடியும்தான் குடுத்திருக்காரு. போட்டுக்கோ."

அறை விளக்கை அணைத்தோம். உள்ளங்கைக்கு அடியில் வெளிச்சம் வைத்ததும் அந்தக் கை மாதுளை முத்தாகச் சிவந்தது. சிவப்புக்கு நடுவே கருப்பாக ஒரு கோடு, ஈர மணலில் ஓடும் சிற்றோடைபோல. பிள்ளை உருவாகிய நாளிலிருந்தே அது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் ஊசியைச் செலுத்தினேன். ஊதாத் தலைக்குள் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஸ்தோத்திரம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பம்ப் ஓடியது. சாயங்காலத்துக்குள் சர்க்கரை ஏறியது. செல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

பாய் இன்னும் வாசலில்தான் இருந்தார். நன்றி சொல்லப் போனேன். "எனக்கு எதுக்கு சிஸ்டர்? குடுத்தவன் அல்லாஹ். நான் தூக்கிக்கினு வந்தேன், அவ்ளோதான்."

நான் துணி அறையில் அழுது கேட்டது அன்று மதியம்தான். வெளிச்சம் கடல் தாண்டிப் புறப்பட்டதோ அதற்கு வெகு முன்னால். அதைக் கேட்கும் வார்த்தையை என் சிரிப்புக்குள் வைத்தது யார்? நினைக்க நினைக்க மலைக்கிறேன்.

கார்த்திகை முடிவதற்குள் செல்வியின் மகள் தொப்பி போட்டுக்கொண்டு, தாயின் நெஞ்சோடு ஒட்டி வீட்டுக்குப் போனாள். போகும்போது செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாடி போட்டுட்டீங்களா? இன்னா சிஸ்டர், எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே கீறீங்க!"

ஆம், இப்போது அது கயிற்றில் என் கழுத்தில் தொங்குகிறது. ஷிப்ட் தொடங்கும் முன் வார்மரையும் பம்பையும் அந்தச் சின்ன விளக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அந்த நேரம் மட்டும் என் கால்கள் நிற்கின்றன.

அன்பானவர்களே, உங்கள் கையும் ஒருநாள் தோற்கலாம். அன்றைக்குக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டு முடிக்கும் முன்பே யாராவது கதவைத் தட்டினால், இப்போதா என்று என்னைப்போல் சலித்துக்கொள்ளாதீர்கள். எழுந்து போய்த் திறங்கள். நீங்கள் கேட்டது மழையில் நனைந்தபடி அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.