மில் வாசலில் சோறு

இங்கே வளைகுடாவில், அல் கூஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து வரும் மகனின் சட்டையில் மிஷின் எண்ணெய் வாடை அடித்தால் நான் மனசால் எங்கள் ஊர்ப் பஞ்சாலை வாசலுக்குப் போய்விடுகிறேன்; மதியச் சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சோடு அம்மா வந்து என் கையிலிருக்கும் தூக்குவாளியை வாங்குவாள். கூலித் தகராறில் முதலாளி ஆலையைப் பூட்டியதும் மற்றவர்கள் களையெடுக்கப் போனார்கள். அம்மா வேலையை விடுவதாயில்லை. தினமும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

“மில்லே பூட்டிக் கெடக்கு, இன்னும் எதுக்கு தாயி இங்க சோறு?” என்று சிரித்தார் வாட்ச்மேன்.

“வேலைக்கு வந்தவ வேற எங்கண்ணே திம்பா?”

கதவு திறந்த அன்று முதலில் உள்ளே போனவள் அவள்தான்.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளாம். நாலு பேர் பார்க்கச் சாப்பிடக் கூசுகிறவள் நான். ஆனாலும் மகனின் லீவில் ஊருக்குப் போனதும், அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு வாளிச் சோற்றையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.