கேட்டு ஜாகாவின் மீன் குஞ்சுகள்

வெள்ளைக்காரன் போட்ட அவசர காலத்தில், செர்காம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் ஆட்களுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் நின்று சோதித்த காவல்காரரை ஜாகா என்போம். விறைத்த காக்கிச்சட்டை, சிரிக்கத் தெரியாத முகம். அவருடைய கொட்டகையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் சண்டை மீன் குஞ்சுகள் இருந்தன. வேலை இல்லாத நேரமெல்லாம் அதன் முன்னால்தான் குந்தியிருப்பார்.

அப்போது நான் மாசமாக இருந்தேன். பசிக்குமே என்று அவித்த முட்டை ஒன்றை வாளிக்குள் போட்டுக்கொண்டு போனேன். கேட்டில் ஜாகா எடுத்துவிட்டார். போத்தலில் குஞ்சுகள் சோர்ந்து அடியில் கிடந்தன.

"மீனுக்குத் தீனி கெடச்சிருச்சு லா, அண்ணே!" என்றேன் கோபத்தில்.

"கொசுப்புழு இதுங்க வாய்க்குப் பெருசு. ரொட்டி போட்டா தண்ணி நாறுது. மஞ்சக்கருதான் சரி. ஆனா இது உன் முட்டை, தங்கச்சி. திரும்பி வர்றப்ப வாங்கிக்க."

வேலை முடிந்து வந்தபோது முட்டை போத்தலுக்குப் பக்கத்தில் ஓடு உடையாமல் இருந்தது. சில குஞ்சுகள் செத்து மிதந்தன. நானே உரித்து மஞ்சள் கருவை நீட்டினேன். கடுகளவு கிள்ளி, துணியில் முடிந்து போத்தல் தண்ணீரில் அலசினார். மற்றக் குஞ்சுகள் மெல்ல மேலே ஏறி வந்தன.

"இதுங்களுக்கு இது போதும். மிச்சத்த என் கண்ணு முன்னால தின்னு. நீ ரெண்டு உசுரு."

மறுநாள் காலை, என்னைத் தெரியாதவர் போல வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வேறு யார் தட்டியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.