இரண்டு விரல் பட்டை

மாமாவின் ரப்பர் உடுப்பில் அப்பா போட்ட தையல் அங்குலத்துக்குப் பத்து. எண்ணியது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சாலை என்ற கடைத்தெருவில் அப்பாவுக்கு இரண்டு மெஷின் போட்ட தையல்கடை. ஒன்றில் அப்பா, மற்றதில் மாமா, அம்மாவின் தம்பி. நாங்கள் எல்லாரும் நாகர்கோவிலிலிருந்து வந்து ஐந்து வருஷம் எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமாவுக்குத் தையலைவிட நீச்சல் நன்றாக வரும். அதைப் பார்த்த ஒரு கான்ட்ராக்டர், விழிஞ்ஞத்தில் துறைமுகச் சுவரைத் தண்ணீருக்கடியில் பார்த்துச் சொல்லும் வேலைக்குக் கூப்பிட்டார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கடைசிச் சோதனையில் நாற்பது நிமிஷம் அடியில் இருக்க வேண்டும். தேறினால் வேலையும் தங்க இடமும் உண்டு; மெஷினை விட்டுப் போய்விடலாம்.

ஓணத்துக்கு இருபது நாள் இருந்தது. அந்தச் சமயத்தில் வெயில் அடித்தாலும் கடலின் அடித்தண்ணீர் விறைக்கவைக்கும். கடையில் தைக்காத ரவிக்கைத் துணி அறுபத்திரண்டு கிடந்தது.

மாமாவுக்கு மூழ்குவதற்கென்று கொடுத்த ரப்பர் உடுப்பு பழையது. இடது அக்குளில் மூன்று அங்குலம் தையல் விட்டிருந்தது. தைப்பவருக்கென்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மலையாளத்தில் ஏழு வரி எழுதிக் கொடுத்திருந்தார். மலையாளம் பேச எல்லாருக்கும் வரும். வாசிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். மாமா உடுப்பையும் காகிதத்தையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் வாசித்தேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், அதை உடம்பு சூடாக்கிக்கொள்ளும். உடுப்பு தோலோடு ஒட்டியிருந்தால் அந்தச் சூடு நிற்கும். தளர்ந்தால் குளிர்ந்த தண்ணீர் வந்து போய்க்கொண்டேயிருக்கும். விட்ட இடத்தை மட்டும் மூடவும். அளவை மாற்ற வேண்டாம்.

அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். "தளர்ந்தா என்னாகும்னு இருக்குல்லா, அத இன்னொருக்க வாசி."

வாசித்தேன். தலையாட்டினார். பிறகு இரண்டு அக்குளையும் பிரித்து, இரண்டு விரல் அகலத்தில் ரெயின்கோட் துணியைப் பட்டையாக வைத்துத் தைத்தார்.

"ஒட்டியிருக்கணும்னுல்லா எழுதியிருக்கு?" என்றேன்.

"தைக்கது நீயா, நானா?"

மாமா திரும்பி வந்து போட்டுப் பார்த்தார். கையை நாலு சுற்றுச் சுற்றினார். "இப்பந்தான் அத்தான் மூச்சு விட முடியுது. முன்ன சாக்குக்குள்ள கெட்டிப்போட்ட மாதிரில்லா இருந்துது."

"ஒனக்குத் தைக்காம வேற ஆருக்கு மாப்பிள தைக்கப் போறேன்," என்றார் அப்பா.

நான் பட்டையின் தையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு மாமாவோடு விழிஞ்ஞத்துக்கு பஸ்ஸில் போனேன். அவருடைய வாட்ச் என் கையில் இருந்தது. மாமா மூழ்கிய பதினோராவது நிமிஷம், மேலே தூக்கச் சொல்லி அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு ஆடியது. தூக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இடுப்பு பக்கிளைக் கழற்ற ஐந்து தடவை முயன்றார், விரல் மடங்கவில்லை. சூப்பர்வைசர் அக்குள் பக்கம் கையை விட்டார். நாலு விரலும் உள்ளே போயின.

"ஆரடே இது தைச்சது?"

"எங்க அத்தான் சார்," என்றார் மாமா, பல் கிடுகிடுக்க. "நல்ல தையலாக்கும். எனக்குத்தான் தணுப்பு ஆகாது."

சூப்பர்வைசர் கையை வெளியே எடுத்தார். "என்னா நீ நாளெ வரண்டா," என்றார். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மாமா இரண்டாவது மெஷினில் உட்கார்ந்துவிட்டார். ஓணத்துக்குள் அறுபத்திரண்டும் முடிந்தன. அதில் நாற்பத்தொன்று அவர் தைத்தவை. என் மலையாளத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அந்தக் காகிதத்தைத் தேடினேன். கடையில் அது இல்லை.

ஓணத்துக்கு முன்பே ஒருநாள், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அம்மா கேட்டாள். ஏழு வரியும் மனப்பாடமாகச் சொன்னேன். அப்பாவுக்கும் இப்படித்தான் வாசித்தாயா என்றாள். மூன்று தடவை என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

அம்மாவின் ரவிக்கைகளை எப்போதும் அப்பாதான் தைப்பார். மறுநாள் அவள் தன் ஓண ரவிக்கைத் துணியையும் அளவு ரவிக்கையையும் ஒரு பையில் போட்டு, எங்கள் கடைக்கு எதிர்வரிசையில் இருந்த தையல்கடையில் கொடுத்துவரச் சொன்னாள். அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன்.