குடும்பப் பெயர் கேட்கும் பெட்டி

கமலினிக்கு இருந்த இடத்தில் இருக்கத் தெரியாது. சிட்னிக்குப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போதும் கை போனைத் தட்டிக்கொண்டிருக்கும். "பெருமாளிட்டயும் பாஸ்வேர்ட் கேக்கப் போறியோ?" என்று பகிடி விட்டால் முறைப்பாள். பென்டில் ஹில்லில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அந்த முறைப்பு எனக்குப் பழகிப்போனது. அவளுக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. கல்யாணம் கட்டவில்லை. அப்பா அரியரத்தினத்தோடு இருக்கிறாள்.

அரியரத்தினம் அங்கிளுக்கு எண்பத்தாறு வயது. இதயம் களைத்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். அவருடைய அண்ணை ஞானேந்திரன் இளவயதில் தகப்பனோடு சண்டைபிடித்துக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவர். அவுஸ்திரேலியாவில் இறங்கிவிட்டார் என்று ஒரு கதை வந்தது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அண்ணை வாழ்ந்தவரோ, இல்லாட்டி கடலோட போனவரோ? அதை மட்டும் பாத்துச் சொல்லு பிள்ளை."

அன்றிலிருந்து கமலினிக்குச் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. சனத்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாம் என்று போனால், இந்த நாட்டில் பழைய தாள்களை எண்ணி முடித்ததும் அழித்துவிட்டார்களாம். "எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு வைச்சிருக்கத் தெரியேல்லையே!" என்று குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்து கொதித்தாள். அடுத்தது இணையத்தில் இருக்கும் பழைய வாக்காளர் பட்டியல்கள். ஞானேந்திரன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தாள். குடும்பப் பெயர் என்ற பெட்டியில் அப்பப்பா கல்யாணசுந்தரத்தின் பெயரைப் போட்டாள். நமக்கேது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயர்தான் முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். இதை அந்தப் பெட்டிக்கு யார் விளங்கப்படுத்துவது?

ஒரு ஞாயிறு மத்தியானம் கத்தரிக்காய்ப் பொரியல் கொடுக்கப் போயிருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணக்கிறது, இவள் கணினியை விட்டு எழும்பவில்லை. அந்தப் பெட்டி தானாகவே அவளுடைய குடும்பப் பெயரை, அதாவது அங்கிளின் பெயரை, நிரப்பிவிட்டிருந்தது. முதற்பெயர்ப் பெட்டி வெறுமையாகக் கிடந்ததையும் பதற்றத்தில் கவனிக்காமல் தேடு என்று அழுத்திவிட்டாள்.

திரையில் ஒரே ஒரு ஆள் வந்தார். கல்யாணசுந்தரம் அரியரத்தினம், சமையற்காரர், வில்லியம்ஸ்டவுன், மெல்பன், 1972.

அங்கிள் அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் வாத்தியார்.

"அப்பா, ஆரோ கள்ளன் உங்கட பேரில இஞ்ச இருந்திருக்கிறான்!" என்று கத்தினாள்.

அங்கிள் சோற்றுக் கையோடு எழும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"என்ர பேர்த் சேட்டிபிக்கற்," என்றார். "அந்தக் கப்பலுக்கு இருவது வயசுக்குக் கீழதான் ஆள் எடுத்தவங்கள். அண்ணைக்கு இருவத்திநாலு. அண்ணை வீட்டை விட்டு வெளிக்கிட்ட கிழமைதான் என்ர பிறப்புப் பத்திரம் காணாமல் போனது. நான் துலைச்சிட்டனெண்டு ஐயா எனக்குப் பூவரசந் தடியால அடிச்சவர்."

சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணில் தண்ணீரும் வந்தது. எனக்கு அந்த அண்ணை மீது கோபம் கோபமாக வந்தது. அங்கிளுக்குத் துளியும் வரவில்லை.

பிறகு தேட வேண்டிய பெயர் தெரிந்துவிட்டதே! பொழுதுபடுவதற்குள் மிச்சமும் கிடைத்தது. ஞானேந்திரன் 2009 வரை உயிரோடிருந்தார். மெல்பனில் ஒரு மயானத் தோட்டத்தில் அவருடைய சாம்பல் இருக்கிறது. அங்கிள் சிட்னிக்கு வந்தது 1988. இத்தனை வருசம் அண்ணனும் தம்பியும் ஒரே நாட்டில் இருந்திருக்கிறார்கள், ஒரே பெயரில். கமலினி மேசையில் தலையை வைத்து அழுதாள்.

மெல்பனுக்குப் போக விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னார். அங்கிள் கேட்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க மனம் விடாமல் நானும் கூடப் போனேன்.

மயானத் தோட்டத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை, அதில் அரியரத்தினம் என்ற பெயர், அதன் கீழே, அவரோடு வேலை செய்தவர்கள் வைத்தது என்று ஒரு வரி. அங்கிள் விரலால் எழுத்தெழுத்தாகத் தடவினார். "வாழ்ந்திருக்கிறார்," என்றார். திரும்பி வந்து காரில் ஏறப்போனவர் மறுபடி போய்ப் பலகையை ஊன்றி நடக்கும் பொல்லால் மெல்லத் தட்டினார்.

"அண்ணை, இனி என்ர பேரைத் தாங்கோ. எனக்கும் கெதியில தேவைப்படப் போகுது."