ஒப்பிட எடுத்த ரத்தம்

அந்தத் தெருவில் அவளுக்கு ரத்தக்காரம்மா என்று பெயர். ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர், நச்சியல் பிரிவு என்று நீளமான பலகை உண்டு. பேட்டரி தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள வீடுகளுக்கு ஊசியும் குளிர்பெட்டியுமாக வருகிறவளை அவர்கள் வேறெப்படி அழைப்பார்கள்?

தொழிற்சாலையில் உருகும் ஈயம் மனித உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்ற கேள்வி அவளை வெகுநாளாகக் குடைந்தது. தொழிலாளியின் ரத்தத்தை அவன் மனைவியின் ரத்தத்தோடு ஒப்பிட்டாள். ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே கூரை. வித்தியாசம் இருந்தால் அது தொழிற்சாலையின் வேலை. கச்சிதமான வழி.

முடிவு அவள் நினைத்ததுபோல வரவில்லை. மனைவிகளின் ரத்தத்திலும் ஈயம், கணவன்மாரைவிடக் கொஞ்சமே குறைவு.

"அப்புறமென்ன, தொழிற்சாலை மேல குத்தமில்லன்னு எழுதி முடிச்சிடுங்க. தண்ணியில இருக்கும்" என்றார் ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

தண்ணீரைச் சோதித்தாள். அது சுத்தமாக இருந்தது.

ஒரு மாலை, ஈயம் உருக்குகிற ஒருவர் வீட்டுக்குப் போனாள். அவர் கழற்றிப்போட்ட சட்டையை மனைவி வாசலில் நின்று உதறிக்கொண்டிருந்தாள். சாய்ந்த வெயிலில் சாம்பல் தூசி நிதானமாக இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர்களுடைய ஒன்றரை வயதுப் பயல் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

ஒப்பிட எடுத்த ரத்தமே தப்பு. தொழிற்சாலை மதிலோடு நின்றுவிடும் என்று அவள் நினைத்த ஈயம், சட்டையில் தொற்றிக்கொண்டு வீடுவரை வந்திருந்தது.

"என்னம்மா, போன தடவ எடுத்தது தீந்துபோச்சா?" என்றாள் அந்த மனைவி.

"அப்ப நான் பாத்த விதமே தப்புங்க. இந்தத் தூசி உங்களுக்கும் போகுது. பையன் ரத்தத்தையும் பாக்கணும்."

சட்டை பாதி உதறலில் நின்றது. "நான் உதறினதாலயா?"

"இத போட்டுக்கிட்டே வீட்டுக்கு அனுப்புறாங்களே, அதனால."

அந்த மனைவி பயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல எனக்குக் குத்துங்க. நான் அழலன்னா அவனும் அழமாட்டான்."

அவன் தெருவே கூடும்படி அழுதான். எட்டிப்பார்த்தவர்களிடம் அவன் அம்மா, "வேடிக்கை என்ன, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வரிசையில வாங்க" என்றாள். வந்தார்கள்.

பயலின் ரத்தத்தில் ஈயம் அம்மாவுக்கு இருந்ததைவிடக் கூடுதல். தெருவின் கணக்கு மொத்தத்தையும் மேசைமேல் வைத்ததும் தொழிற்சாலை நிர்வாகம் குளியலறை கட்டியது. சட்டைகளை உள்ளேயே துவைத்தது.

பிற்பாடு சாயம், பசை, பூச்சிமருந்து என்று எந்தத் தொழிலை ஆராயப் போனாலும், துணியை யார் துவைக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பாள். இந்த ஆய்வைப் பற்றிய கட்டுரையில் நன்றிப் பகுதி நீளம் என்று பத்திரிகை சொன்னபோது தன்னைப் பற்றிய குறிப்பை வெட்டினாள்; அந்தத் தெருப் பெண்களை விட்டுவைத்தாள்.

பயலின் அடுத்த வருட முடிவு வந்த அன்று மட்டும் அவளுக்கு மாலைவரை பொறுக்கவில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

"கொறைஞ்சிருக்கா?"

"பாதிக்கும் கீழ."

அந்த அம்மா பயலின் தலையைக் கோதிவிட்டாள். பிறகு, "இனிமே வரமாட்டீங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

"அடுத்த வருஷமும் ஒரு குத்து இருக்கு."

"நெனச்சேன்" என்று சிரித்தபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நன்றி சொல்ல வந்த ரத்தக்காரம்மா அதில் உட்கார்ந்தாள். பயல் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.