ஐஸ் ஃபேக்டரி இன்ஜின்

பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் அவளைச் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டராகச் சேர்ந்த புதிதில், மேஸ்திரி ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்தான். அவள் கையிலிருந்த சுத்தியல் அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது. தவறி விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னாள். தவறி விழுந்த சுத்தியல் அதே விரலில் இரண்டாவது தடவையும் எப்படி விழுந்தது என்று முதலாளி கேட்கவில்லை.

வீட்டில் மட்டும் அவள் கை எழவில்லை. புருஷன் சரக்கு லாரி ஓட்டுபவன். வெளியே தங்கமான மனுஷன் என்று பெயர். வழியில் யார் வண்டி நின்றாலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு ஆள். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் அடி, கூடினாலும் அடி. அவள் அண்ணன் பழைய இரும்புக் கடை வைத்திருந்தான். வீங்கிய முகத்தோடு அங்கே போய் நிற்கும்போதெல்லாம் அவன் ஒரே பாட்டைத்தான் பாடினான்: கொஞ்சம் பொறுத்துப் போ, மாப்பிள்ளை மனதில் ஒன்றும் கிடையாது. பிறகு ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவான். இப்படியே பத்துப் பதினோரு வருஷம் ஓடியது.

கடைசியில் ஒருநாள் புருஷன் உதைத்த உதையில் கதவு நிலையில் மோதி, தோளுக்கு மேலே காறை எலும்பு உடைந்தது. இந்த முறை அவள் அண்ணனிடம் யோசனை கேட்கவில்லை. ஒரு கையில் கட்டும் மறு கையில் பையுமாக வந்து, கடைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகையைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். வெளியே போகச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை.

அந்தக் கொட்டகையில்தான் அவள் படகு கட்டினாள். ஊருக்கும் எதிர்க்கரைச் செங்கல் சூளைகளுக்கும் நடுவே அகலமான ஆறு. பாலத்தைச் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும். சிமெண்டும் செங்கல்லும் ஏற்றி இறக்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்று நடுவில் இருப்பவளின் கதவை யாரும் வந்து உதைக்க முடியாது.

மரச்சட்டம் நிறுத்தி, பிளைவுட் பலகை வளைத்து ஒட்டி, மேலே கண்ணாடி நார் போர்த்தி, பதினெட்டு அடி நீளத்தில் படகு எழுந்தது. அதோடு வேலை முடியவில்லை. எந்த இன்ஜினை வைப்பது என்பதில்தான் அவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். பெட்ரோல் மோட்டார் துள்ளிக்கொண்டு போகும். ஆனால் நாள் முழுக்கச் சுமை இழுத்தால் எண்ணெய்க்கே உழைக்க வேண்டும். டீசல்தான் என்று முடிவு கட்டினாள். அண்ணன் கடையின் மூலையில், மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியின் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய இரண்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்று கிடந்தது. நிதானமாகச் சுற்றுவது, தண்ணீரில் குளிர்வது. ஃபேக்டரிக்காரர்கள் அதை ஒருநாளும் விரட்டி ஓட்டியதில்லை. அதைத் துடைத்து, கையால் சுற்றிப் பார்த்து, தன் படகுக்கு இது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் புருஷன் வந்தான்.

சும்மா வரவில்லை. சின்ன டெம்போவில் ஒரு லாரி இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தான். நான்கு சிலிண்டர், காற்றைத் திணிக்கும் டர்போ வைத்தது, எங்கேயோ கவிழ்ந்த வண்டியிலிருந்து எடுத்தது. பெண்டாட்டி படகு கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டானாம், மனசு கேட்கவில்லையாம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். பிரிந்தவர்கள் சேரப்போகிறார்கள் என்று அவனே செயின் மாட்டி இன்ஜினை இறக்கி, கொட்டகைக்குள் இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்தான்.

"இது எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "இந்தக் கனத்தை வச்சா பின்பக்கம் தண்ணியில உக்காந்துடும். நீ எடுத்துட்டுப் போ."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே பேசி வந்தவள். அந்த 'நீ' அவன் காதில் விழுந்ததை அவள் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணன் பக்கத்தில் நின்றதால் சிரித்துச் சமாளித்தான். இன்ஜின் பேசும், அப்புறம் அவள் பேசட்டும் என்று சொல்லி டெம்போ பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினான். கட்டையில் ஒரு போல்ட்கூட முடுக்கவில்லை என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

இன்ஜின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு தானாகவே சத்தம் ஏறியது. டர்போவின் சீல் போயிருந்தது. ஆயில் கசிந்து காற்றோடு உள்ளே போக, இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடத் தொடங்கியது. அவன் டீசல் குழாயைப் பிடுங்கினான். நிற்கவில்லை. உறுமல் ஊளையாயிற்று. வெள்ளைப் புகை கொட்டகையை மூடியது, தகரக் கூரை அதிர்ந்தது. குளிர்விக்கும் ஃபேனின் இறக்கை ஒன்று முறிந்து பறந்து, அண்ணனின் காது மடலில் பாதியைச் சீவிக்கொண்டு போய்த் தகரத்தில் குத்தி நின்றது. இன்ஜின் கட்டையிலிருந்து குதித்துச் சரிந்து, புருஷனின் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் அவன் அலறினான்.

ஒரு மூச்சு நேரம் அவள் அசையாமல் நின்றாள். விட்டுவிட்டால் அதுவே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றியது. பிறகு கால் தானாகவே நகர்ந்தது. படகுக்கு அறுத்த பலகையில் ஒரு துண்டை எடுத்து, இன்ஜின் காற்றை இழுக்கும் வாயில் வைத்து முழு உடம்போடு அழுத்தினாள். பலகையை அது உள்ளே உறிஞ்சப் பார்த்தது. உதறியது, திணறியது, செத்தது.

பாதத்தில் மூன்று விரல் நசுங்கியிருந்தது. காப்பாற்றினாள் என்று அவன் நன்றி சொல்லவில்லை. மச்சான் முன்னால், அதுவும் இவள் கையால் பிழைத்தது அவனை உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட காலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்து, கடை வாசலில் கிடந்த கடப்பாரையை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் படகின் விலாவில் இறக்கினான். பலகை பிளந்தது. கடப்பாரையைப் பிடுங்கி மறுபடி ஓங்குவதற்குள் அவள் நீள ஸ்பானரோடு வந்துவிட்டாள். அவன் இடது கையால் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் படகின் விளிம்பில் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. வாய் நிறைய ரத்தத்தோடு, கண் தெரியாமல், அவள் ஸ்பானரைச் சுழற்றினாள். அது அவன் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. கடப்பாரை விழுந்தது, அவனும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவளைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. ஸ்பானரைக் கீழே போட்டாள். அப்போதுதான் அண்ணன் உள்ளே ஓடி வந்தான், காதில் கட்டோடு, கையில் இரும்புக் குழாயோடு. வந்தவன் உட்கார்ந்திருந்தவனை அடிக்க ஆரம்பித்தான். முதுகில், தோளில், விலாவில். "என் காதை அறுத்தியே, என் காதை அறுத்தியே" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். கீழே கிடந்தவன் கெஞ்சுவதையும் நிறுத்திவிட்டான். அவள் குறுக்கே புகுந்து குழாயைப் பிடித்தாள். ஓர் அடி அவள் முழங்கையிலும் விழுந்தது.

"போதும் விடு," என்றாள். "இத்தனை வருஷம் என் எலும்பு உடைஞ்சப்ப வராத கோபம், உன் காதுக்கு வந்துடுச்சா?"

அண்ணனின் கை அப்படியே நின்றது. குழாயை அவள் வாங்கி வெளியே எறிந்தாள்.

ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் என்று ஒரு சுற்று வந்தது. அண்ணன் சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். புருஷன் விலா தேறி, கடைசியில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு பிரிவுக்கும் கையெழுத்துப் போட்டான். இடது கையால் போட்டான். வலது மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. லாரி ஸ்டீயரிங்கை வளைக்க முடியாமல் இப்போது எங்கேயோ காவல் வேலை பார்க்கிறான் என்று பேச்சு.

அவள் படகின் ஓட்டையைச் சுற்றி அறுத்தெடுத்து, உள்ளேயும் வெளியேயும் புதுப் பலகை ஒட்டினாள். ஐஸ் ஃபேக்டரி இன்ஜினை இறக்கும் நாளில் அண்ணன் வாசலில் வந்து நின்றான். அவள் பார்த்துவிட்டு, செயினின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். முதல் ஓட்டத்தில் தண்ணீர் இழுக்கும் குழாயில் பாசி அடைத்து ஆவி கிளம்பியது. வலை கட்டிச் சரி செய்தாள். சைக்கிள் வேகம்தான், ஆனால் செங்கல் ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்கவில்லை.

போன மாதம் அண்ணனும் ஒருமுறை கூட வந்தான். நடு ஆற்றில், இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அவன் உன்னை அடிச்ச அன்னைக்கே நான் வந்திருக்கணும்," என்றான்.

"ஆமா, வந்திருக்கணும்," என்றாள் அவள். கரை நெருங்கியது. வேகத்தைக் குறைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போகச் சொன்னாள்.